தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே ஜாக்கி போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரைக்கும் வயிற்றுக்கும் இடையே அரைச் சாண் இடைவெளி மட்டுமே உள்ள கார்களைப் பற்றிய கேள்விகள் இவை. உதாரணத்துக்கு மூன்று கார்களை எடுத்துக்கொள்கிறேன்: மாஸ்டா எம்எக்ஸ்-5, ஷெவ்ரோலே கார்வெட் (1997-ல் வந்த சி5 என்ற ஐந்தாம் தலைமுறை தொடங்கி), போர்ஷே 911. மூன்றும் மூன்று விதமாகத் தொல்லை தருபவை. உங்கள் கார் வேறாக இருந்தாலும் இவற்றில் ஒன்றின் சாயல் அதில் இருக்கும். ஆனால் கடைசி வார்த்தை உங்கள் காரின் கையேட்டுடையது. இந்தப் பக்கமும் கையேடும் முரண்பட்டால் கையேட்டைக் கேளுங்கள்.

சாதாரண காருக்கு ஜாக்கி போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதலில் ஜாக்கி உள்ளே போகாது. போனாலும் கைப்பிடியை அடிக்க இடம் இருக்காது. பம்பரின் கீழ் உதடு குறுக்கே நிற்கும். இரண்டையும் சமாளித்துக் காரைத் தூக்கிய பிறகுதான் மூன்றாவது சிக்கல் தெரியும்: தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடத்தில் ஜாக்கியே உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவர்கள் முதல் சிக்கலுக்காக மட்டும் பணம் செலவழித்து, நல்ல ஜாக்கி வாங்கிவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதை யோசித்து முடிக்காமல் ஜாக்கியின் கைப்பிடியைத் தொடவே கூடாது. காரை மேலே கொண்டுபோவது ஐந்து நிமிட வேலை. அதை அங்கே அசையாமல் நிற்க வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காருடன் வந்த ஜாக்கி போதாதா?

வழியில் பஞ்சரானால் சக்கரம் மாற்றுவதற்குப் போதும். அதற்கு மேல் எதற்கும் போதாது. திருகிப் போடும் அந்தச் சிறிய ஜாக்கியின் அடிப்பாகம் உள்ளங்கை அளவுதான். கார் பக்கவாட்டில் சற்று அசைந்தாலும் சாய்ந்துவிடும். தவிர, பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அதுவும் கிடையாது. சி5 தொடங்கி கார்வெட்டில் ஸ்டெப்னிக்கே இடம் ஒதுக்கவில்லை. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களைப் பெரும்பாலான மாடல்களுக்குப் போட்டு அனுப்பினார்கள். புதிய எம்எக்ஸ்-5 பல நாடுகளில் ஓட்டையடைக்கும் திரவமும் சிறு காற்றுப் பம்பும் மட்டுமே கொண்டு வருகிறது.

அப்படியானால் எந்த ஜாக்கி வாங்கலாம்?

சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கி. அதிலும் தாழ்வான காருக்கென்றே செய்தது. சாதாரண ட்ராலி ஜாக்கியை முழுவதும் இறக்கினாலும் 13 செ.மீ. அளவில் நிற்கும். தாழ்வான வகை 7.5 முதல் 10 செ.மீ. வரை இறங்கும். கடையில் எல்லோரும் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் இன்னொன்றையும் அளந்து பாருங்கள்: தலையிலிருக்கும் வட்டத் தட்டிலிருந்து பின்னால் எவ்வளவு தூரம் வரை ஜாக்கியின் உடம்பு தாழ்வாகவே இருக்கிறது? முன்பக்கம் ஜாக்கி வைக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் பம்பரிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே இருந்து, ஜாக்கியின் உடம்பு அரை மீட்டரிலேயே உயரத் தொடங்கினால், தட்டு 7.5 செ.மீ. இருந்தும் பயனில்லை, நடுவழியில் பம்பரில் முட்டி நிற்கும்.

எடை பெரிய கவலை இல்லை. எம்எக்ஸ்-5 ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும். கார்வெட்டும் 911-உம் 1,500 கிலோ அக்கம்பக்கம். ஒரு முனையைத் தூக்கும்போது அதில் பாதியோ கொஞ்சம் கூடுதலோதான் ஜாக்கியின் மேல் வரும். இருந்தும் 2 டன்னைவிட 3 டன் ஜாக்கியைத்தான் சொல்வேன். வலுவுக்காக அல்ல, அது நீளமாகவும் அகலமாகவும் இருப்பதால். அலுமினியமா இரும்பா என்பது உங்கள் முதுகின் நிலையைப் பொறுத்தது. இரும்பு மலிவு, ஆனால் தூக்கிச் செல்லக் கனம்.

தட்டின் மேல் ரப்பர் வைக்க வேண்டுமா?

வைத்தால் நல்லது. இரும்புத் தட்டு அலுமினியத்தின் மீது வழுக்கும், பெயின்ட்டைச் சுரண்டும். வட அமெரிக்காவில் பலரும் ஐஸ் ஹாக்கி வட்டை இதற்குப் பயன்படுத்துகிறார்கள்: 76 மி.மீ. விட்டம், 25 மி.மீ. கனம், கெட்டியான ரப்பர், மலிவு. கதவுக்கு அடியில் தகட்டு விளிம்பு உள்ள கார்களுக்கு, வட்டின் நடுவில் ஒரு பள்ளம் அறுத்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கும். காரின் அடியில் 110 மி.மீ. இடைவெளி, ஜாக்கியின் உயரம் 95 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நுழைகிறது. அதன்மேல் 25 மி.மீ. ரப்பர் வைத்தால் 120. நுழையாது. தாழ்வான ஜாக்கி வாங்கியும் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் இரும்பால் தூக்குகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஜாக்கி நுழையவே இடமில்லை. என்ன செய்வது?

டயர்களைப் பலகை மேல் ஏற்றுங்கள். டயரைவிட அகலமான, விரிசலில்லாத, 4 செ.மீ. கனமுள்ள மரப்பலகை போதும். காரை மெதுவாக அதன் மேல் ஓட்டி நிறுத்தினால் அடியில் அதே 4 செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும். மேலும் வேண்டுமென்றால் இன்னொரு பலகையைச் சற்று உள்வாங்கி, படி போல மேலே வைத்து, இரண்டையும் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். ஆணி மட்டும் அடித்தால் நாளடைவில் தளரும். ஏறும் முனையைச் சரிவாக இழைத்தால் பலகை முன்னால் தள்ளப்படாது.

வழவழப்பான தரையில் பலகையே நழுவும். அதற்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பைப் போடுங்கள். முட்டுக்கட்டையை டயருக்கும் பலகைக்கும் இடையில், பலகையின் மேலேயே வைக்க வேண்டும். தரையில் வைத்தால் டயரைத் தொடாது. கார் பலகையிலிருந்து இறங்கிய பிறகுதான் அதன் நினைவு வரும்.

கடையில் விற்கும் ரேம்ப் மேல் ஏற்றிவிட்டால் ஜாக்கியே தேவையில்லையே?

ஆயில் மாற்றுவதற்கு மட்டும் என்றால் சரி. ஆனால் சாதாரண ரேம்ப்பின் சரிவு செங்குத்தாக இருக்கும். டயர் அதைத் தொடுமுன் காரின் முன் உதடு தொட்டுவிடும். நீளமான, சாய்வு குறைந்த ரேம்ப் வேண்டும். கெட்டி நுரையால் செய்த எடை குறைந்தவையும் கிடைக்கின்றன. பிரேக், சஸ்பென்ஷன், டயர் வேலை எதற்கும் ரேம்ப் உதவாது. சக்கரத்தைக் கழற்றவே முடியாதே.

எந்த மாதிரித் தரையில் செய்யலாம்?

சமமான, விரிசலில்லாத கான்கிரீட். மற்றதெல்லாம் சமரசம்தான். தார்த் தளம் வெயிலில் இளகும். ஸ்டாண்டின் கால்கள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், அதுவும் நான்கும் ஒரே அளவில் இறங்காது. வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே 18 மி.மீ. பிளைவுட் துண்டு போடுங்கள். சரளைக்கல், புல்தரை, மண் வேண்டவே வேண்டாம்.

நம் ஊர் வீடுகளின் கார் நிறுத்தும் போர்ட்டிகோ பெரும்பாலும் டைல்ஸ் அல்லது கிரானைட் போட்டது. அதில் இரண்டு ஆபத்துகள். டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் கலவை சரியாக நிரம்பாத வெற்றிடம் இருந்தால் ஸ்டாண்டின் கால் பட்ட இடம் உடையும். விரல் மடக்கித் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற ஒலியிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, மழைநீர் வழிவதற்காகத் தெருப்பக்கம் வாட்டம் வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வாட்டம்தான், ஆனால் பிரேக்கை விட்டால் கார் நகரும். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பாருங்கள். அது ஓடினால் அங்கே நான்கு சக்கரத்தையும் தூக்காதீர்கள்.

தரை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

ஜாக்கி உருள வேண்டும் என்பதற்காக. ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை. பின்னால் இருக்கும் அச்சைச் சுற்றி வில் போல வளைந்து எழுகிறது. கை எழ எழ, அதன் நுனியிலுள்ள தட்டு கைப்பிடிப் பக்கமாகப் பின்வாங்கும். தட்டு காரின் அடியில் அதே புள்ளியில் நிலைக்க வேண்டுமானால் ஜாக்கி முழுவதும் காருக்கு அடியே கொஞ்சம் உள்ளே உருண்டு போக வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். கராஜுக்குள் இழுத்துச் செல்ல மட்டும் அல்ல.

ஜாக்கியின் இரும்புச் சக்கரம் கான்கிரீட் இணைப்பிலோ ஒரு சிறு கல்லிலோ சிக்கிக்கொண்டால், நகர வேண்டிய அந்தச் சில சென்டிமீட்டர் வேறெங்காவது வெளிப்படும். ஒன்று, கார் நகரும். அல்லது தட்டு புள்ளியிலிருந்து வழுக்கும். காரின் பக்கவாட்டிலிருந்து தூக்கும்போது இது இன்னும் மோசம். கார் பக்கவாட்டில் உருளாது என்பதால் வழுக்குவது மட்டுமே மிச்சம். எனவே துடைப்பம் எடுத்துத் தரையைப் பெருக்கிவிட்டு ஆரம்பியுங்கள். நான்கு ஐந்து முறை அடித்தவுடன் நிறுத்தி, குனிந்து தட்டைப் பாருங்கள்: நடுவில் இருக்கிறதா, ஓரத்துக்கு வந்துவிட்டதா? ஓரத்துக்கு வந்திருந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் வேலை வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் போட்டுவிட்டேன். முட்டுக்கட்டை அவசியமா?

அவசியம். இந்த மூன்று கார்களிலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கும்போது பின் சக்கரங்கள் தரையில் இருப்பதால் அது வேலை செய்யும். பின்பக்கத்தைத் தூக்கிய மறுகணமே அதற்கு அர்த்தமில்லை. கியரும் அப்படித்தான், பின் சக்கரங்களை ஓட்டும் காரில் பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கினால் கியர் எதைப் பிடிக்கும்? ஓடாமல் நிற்க முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால்தான் உண்டு.

ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் சாதாரண வகையாக இருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்ற முடிந்தால் தரையிலுள்ள மற்றதும் சுற்ற முடியும். கியரோ ஆட்டோமேட்டிக்கில் 'பி' நிலையோ அதைத் தடுக்காது. அப்போது காரைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. பின் பிரேக்கில் வேலை செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதைத் தளர்த்துவீர்கள்? அதே ஹேண்ட் பிரேக்கை. இந்த வரிசையை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தவர் கட்டை வைக்காமல் தூக்க மாட்டார்.

எம்எக்ஸ்-5 காருக்கு ஜாக்கியை எங்கே வைப்பது?

மூன்றில் மிகவும் ஒத்துழைக்கும் கார் இதுதான். முன்னால் கிராஸ் மெம்பரின் நடுப்பகுதி, பின்னால் டிஃபரன்ஷியல்: இரண்டுமே ட்ராலி ஜாக்கிக்கான இடங்கள். அங்கே தூக்கினால் இரு பக்கமும் சமமாக எழும். கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு விளிம்பு ஸ்டாண்டுக்காகக் காலியாக இருக்கும். அந்த விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவேயுள்ள பகுதி மட்டுமே வலுவூட்டப்பட்டது. மற்ற இடத்தில் பாரம் வைத்தால் தகடு மடங்கும். மடங்கிய இடத்தில் பெயின்ட் உரிந்து துரு பிடிக்கும். ஸ்டாண்டின் மேல் பள்ளமுள்ள ரப்பர் வைத்து விளிம்பை அதற்குள் இறக்குங்கள். பாரம் விளிம்பின் கூர்முனையில் விழாமல், அதன் இரு பக்கமும் உள்ள தட்டையான பகுதியில் விழ வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று: கியர் பெட்டியிலிருந்து டிஃபரன்ஷியல் வரை நீளமாக ஒரு சட்டம் ஓடும். தூக்குவதற்கு வசதியாக, நடுவில், உறுதியாகத் தெரியும். அதில் ஜாக்கி வைக்காதீர்கள். அது எஞ்சின், கியர் பெட்டி, டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வைக்கும் சட்டம். காரின் பாரத்தைச் சுமக்கச் செய்தது அல்ல. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கார்வெட்டுக்கு?

நான்கு மூலையிலும், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும், சட்டத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். அதில் பொருத்துவதற்கென்றே வட்டக் குமிழ்கள் விற்கிறார்கள். நான்கையும் பொருத்திவிட்டால் ஜாக்கி எங்கே படும் என்ற குழப்பம் தீரும். குமிழ் இல்லாமல் ஜாக்கியின் அகலத் தட்டை நேராக வைத்தால் அதன் ஓரம் வெளிப்பக்க அலங்காரப் பட்டையில் இடிக்கும். அது இரும்பு அல்ல. தூக்கத் தொடங்கியதுமே 'படக்' என்று விரிசல் விடும்.

குமிழில் ஜாக்கி இருந்தால் ஸ்டாண்டுக்கு இடமில்லை. அதனால் முன்னால் எஞ்சினைத் தாங்கும் அலுமினியத் தொட்டிலில், அதன் குறுக்குப் பகுதியில் அகலமான மரத்துண்டு வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளைக் குமிழ்களுக்கு அடியில் வைப்பார்கள். பின்னாலும் அதே முறை. சி5 முதல் சி7 வரை முன்னும் பின்னும் குறுக்காக ஓடும் கலவைப்பொருள் லீஃப் ஸ்பிரிங் இருக்கிறது. பார்வைக்கு ஒரு பட்டை போலத் தெரியும். அதன் மேல் ஜாக்கி வைக்க வேண்டாம். அது ஸ்பிரிங், உத்தரம் அல்ல. எஞ்சின் நடுவில் உள்ள சி8-இல் லீஃப் ஸ்பிரிங்கும் இல்லை. கீழே எல்லாமே இடம் மாறியிருக்கிறது. பழைய கார்வெட்டின் பழக்கத்தை அதில் காட்டக் கூடாது.

போர்ஷே 911-இல் மூலைக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. ஸ்டாண்டை எங்கே வைப்பது?

இதுதான் முதல் பதிலில் சொன்ன மூன்றாவது சிக்கல், கலப்படமே இல்லாமல். மூலைக்கு ஒரு வட்டமான இடம். ஜாக்கி அதை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் எடையில் பெரும்பங்கு பின்பக்கம். கூடவே காரின் உடல் மிக விறைப்பானது. பின் மூலையில் தூக்கினால் அந்தப் பக்க முன் சக்கரமும் சேர்ந்து எழத் தொடங்கும்.

வழிகள் மூன்று. ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒரே புள்ளியில் வேலை செய்யும்படி அமைந்த சிறப்பு ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன: ஜாக்கி நடுவில் தூக்கும், அதைச் சுற்றி நிற்கும் சட்டம் பாரத்தை வாங்கிக்கொள்ளும், ஜாக்கியை வெளியே இழுத்துவிடலாம். விலை அதிகம், ஆனால் 911 வைத்திருப்பவர் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இது அல்ல. இரண்டாவது வழி, பின்னால் வரும் சட்ட லிஃப்ட். மூன்றாவது, உங்கள் மாடலுக்கான ஒர்க் ஷாப் கையேட்டில் வேறு தாங்குமிடம் குறிப்பிட்டிருந்தால் அது. எஞ்சினின் அடிப்பாகத்தில் முட்டுக் கொடுத்துத் தூக்குபவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய வார்ப்பும் ஆயில் கசிவும் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கிறது.

ஸ்டாண்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் அதிகபட்ச உயரத்தைப் பார்ப்பார்கள். தாழ்வான காருக்குக் குறைந்தபட்ச உயரம்தான் முக்கியம். வழக்கமான 3 டன் ஸ்டாண்டு முழுவதும் இறக்கிய நிலையிலேயே 28 செ.மீ.க்கு மேல் நிற்கும். உங்கள் காரின் விளிம்பு தரையிலிருந்து 13 செ.மீ. என்றால், ஸ்டாண்டை நுழைப்பதற்கே 16, 17 செ.மீ. தூக்க வேண்டும். குட்டையான ஸ்டாண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அகன்ற அடி, தட்டையான தலை இருந்தால் இன்னும் நல்லது.

பல்லும் கொக்கியும் உள்ள வகையை நம்புவதற்கு முன் கொக்கி பல்லில் முழுவதும் பதிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 2020-ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. கொக்கி பல்லில் போதிய அளவு பதியாமல், பாரம் அசைந்தால் திடீரென இறங்கிவிடும் குறை. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் சிலவற்றில் வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டில் அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். பழைய ஸ்டாண்டை யாரிடமாவது வாங்கினால் அதில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொக்கியுடன் குறுக்கே ஒரு கம்பி ஊசியும் செருகும் வகை இருந்தால் கூடுதல் காசு கொடுத்து அதை வாங்கலாம்.

நான்கு சக்கரத்தையும் தூக்க வேண்டும். எந்த வரிசை?

கையேடு ஒன்றும் சொல்லவில்லை என்றால், முன்பக்கம் முதலில், பிறகு பின்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக. காரணம் வடிவக்கணக்கு. புதிய எம்எக்ஸ்-5-இன் இரு அச்சுகளுக்கு இடைவெளி 2,310 மி.மீ.; முன்பக்கத்தை மட்டும் 20 செ.மீ. தூக்கினால் காரின் அடிப்பாகம் ஏறக்குறைய ஐந்து டிகிரி சாய்ந்துவிடும். அந்தச் சாய்வில் முன் ஸ்டாண்டுகளை வைத்துவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கும்போது, கார் முன் ஸ்டாண்டுகளின் தலைமீது அதே ஐந்து டிகிரி திரும்புகிறது. முதலில் பொருந்தி நின்ற இடம் இப்போது ஓரத்தில் நிற்கலாம்.

இன்னும் பெரிய விஷயம் வேறு. முன் சக்கரங்கள் அந்தரத்துக்குப் போன பிறகு பின்பக்கத்தைத் தூக்கினால், காரைத் தரையோடு பிணைத்திருப்பது இரண்டு ஸ்டாண்டுகள் மட்டுமே. ஸ்டாண்டு உருளாது. ஜாக்கியும் சிக்கிக்கொண்டு உருளாமல் போனால், மேலே சொன்ன அந்த வில்லின் இழுப்பு முழுவதும் முன் ஸ்டாண்டுகளைக் கவிழ்க்கும் திசையில் போகும். வீட்டில் கார்கள் ஸ்டாண்டிலிருந்து விழும் தருணம் பெரும்பாலும் இரண்டாவது முனையைத் தூக்கும்போதுதான் என்பது என் கருத்து. எனவே முன்னால் ஸ்டாண்டின் முதல் பல்லிலேயே நிறுத்துங்கள். பின்னால் தூக்கும்போது இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று முன் ஸ்டாண்டுகளின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்; ஒரு கால் தரையை விட்டு நூலளவு எழுந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு பல்லாக ஏற்றுங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக் வைத்துத் தாங்கலாமா?

கூடாது. கான்கிரீட் பிளாக் பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரு புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு வளைந்து காட்டும், மரம் முனகிக் காட்டும். இது எதுவும் காட்டாது. மரக்கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் திருகாணி போட்டுச் செய்த மேடை நல்லது. அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தால் கார் தன் டயரிலேயே நிற்கும்.

அடியில் போவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

காரை ஸ்டாண்டின் மேல் இறக்கி, ஜாக்கியை முழுவதும் எடுக்காமல் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரில் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளுங்கள். மரியாதைக்குத் தொட்டுப் பார்ப்பது அல்ல. உண்மையாகவே தள்ள வேண்டும். விழுவதென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். பிறகு ஜாக்கியை லேசாகத் தொடும்படி அதே இடத்தில் விட்டுவைக்கலாம். கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்டு கைவிட்டால் கார் உங்கள் மேல் அல்லாமல் அவற்றின் மேல் விழும். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். இறுகிய போல்ட்டைப் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் வெட்டி இழுப்பதுதான் ஸ்டாண்டை அசைக்கும் முக்கியக் காரணம். முடிந்தவரை அவற்றைக் கார் தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள்.

தூக்கியிருக்கும்போது கதவைத் திறக்கலாமா?

திறந்த கூரைக் கார்களில் வேண்டாம். ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தால் உடல் மிகச் சிறிதளவு முறுகும். கதவு உரசலாம், மூடாமலும் போகலாம். தேவையானதை முன்பே வெளியே எடுத்து வையுங்கள். காரைப் பூட்டவும் வேண்டாம். சாய்வை உணரும் அலாரம் உள்ள கார்கள் ஜாக்கியைத் திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு தெருவையே கூட்டிவிடும். உயரத்தைத் தானே மாற்றும் சஸ்பென்ஷன் இருந்தால் அதை நிறுத்திவைக்கும் ஜாக்கி நிலை பெரும்பாலும் மெனுவில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகே தூக்குங்கள்.

குவிக்ஜாக் போன்ற சட்ட லிஃப்ட் வாங்குவது லாபமா?

ஆண்டுக்கு இரண்டு முறை ஆயில் மாற்றுபவருக்கு இல்லை. கோடைதோறும் ரேஸ் டிராக்குக்குப் போய், அடிக்கடி டயரும் பிரேக் பேடும் மாற்றுபவருக்கு நிச்சயம் உண்டு. இரண்டு நீளச் சட்டங்கள். மடங்கிய நிலையில் 7.5 செ.மீ. உயரம்தான் என்பதால் தாழ்வான காருக்கு அடியிலும் நுழையும். மோட்டார் எண்ணெயை அழுத்த, இரண்டும் ஒன்றாக எழும். காரைச் சாய்க்காமல் நான்கு புள்ளியிலும் ஒரே நேரத்தில் தூக்கும். மேலே போனதும் இரும்புப் பூட்டு விழுகிறது. அதன்பின் பாரம் எண்ணெயின் மேல் இல்லை. பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் அடியில் போகக் கூடாது. குறை என்னவென்றால், சட்டங்களே பக்கவாட்டில் இடத்தை அடைத்துக்கொள்ளும். நடுப்பகுதி வேலைக்குப் பக்கத்திலிருந்து நுழைய முடியாது.

இறக்கும்போது கவனிக்க வேண்டியது?

சக்கர நட்டுகளை அந்தரத்தில் கைக்குப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முழுவதும் இறுக்குங்கள். சி5 முதல் சி7 வரையான கார்வெட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். 911 ஜிடி3 போல ஒரே பெரிய நட்டு உள்ள சக்கரமென்றால் 600 நியூட்டன் மீட்டர் வரை போகும். அதற்கான கருவி இல்லாமல் கழற்றவே ஆரம்பிக்காதீர்கள்.

ஜாக்கியின் வால்வைத் திறக்கும்போது கைப்பிடியைக் கால்வட்டத்துக்கு மேல் திருப்பாதீர்கள். பலகை வைத்து ஏற்றிய கார் அதே பலகையின் மேல்தான் இறங்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கி அடியில் மாட்டிக்கொள்ளும். இறங்கிய உடனே கார் வழக்கத்தைவிட உயரமாக நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். தொங்கிக்கொண்டிருந்த சக்கரங்கள் உள்வாங்கிய நிலையில் தரையைத் தொட்டிருக்கும். டயரின் பிடிப்பு அவற்றை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஜாக்கியை வெளியே இழுக்க இந்தக் கூடுதல் உயரம் வசதி, அதனால் காரை நகர்த்துமுன் இழுத்துவிடுங்கள். பிறகு கட்டைகளை எடுத்து, காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால் பழைய உயரத்துக்கு இறங்கும். வீல் அலைன்மென்ட்டோ உயரமோ அளப்பதாக இருந்தால் அதற்குப் பிறகுதான். நூறு கிலோமீட்டர் அளவில் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் பார்த்துவிடுங்கள்.